வேட்டைக் கணக்கில் விட்டுப்போவது

வேட்டையைப் பற்றிய வாக்குவாதம் எங்கு தொடங்கினாலும் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்கும்: ஆண்டுக்கு இத்தனை உருப்படி. ஒரு தரப்பு 'இவ்வளவுதானே' என்று சொல்லும், மற்றது 'இவ்வளவா' என்று கேட்கும். இரண்டு பேரும் பார்ப்பது பாதிக் கணக்கைத்தான். செத்தது எந்த இனம், என்ன வயது, ஆணா பெண்ணா, எந்தப் பருவத்தில், மொத்தம் எத்தனை இருந்ததில் இத்தனை என்பதெல்லாம் சேராதவரை அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. பத்தாயிரம் போயும் அசராத இனங்கள் இருக்கின்றன. பத்துப் போனாலே தலைமுறைக்கும் எழுந்திருக்க முடியாத இனங்களும் இருக்கின்றன.

முதல் வேறுபாடு பெருகும் வேகம். யானை குட்டியைச் சுமப்பது 22 மாதம். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே நாலைந்து ஆண்டு ஓடிவிடும். மழை, தீனி எல்லாம் கூடிவந்தாலும் ஒரு யானைத் தொகை ஆண்டுக்கு 6, 7 சதவீதத்துக்கு மேல் பெருகாது. தென்னமெரிக்கச் சிலந்திக் குரங்கு முதல் குட்டி போடவே ஏழு வயதுபோல ஆகிறது. அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒன்று. காட்டுப்பன்றியோ ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும், நல்ல தீனி கிடைத்தால் ஒரு வயது நிரம்புமுன்பே சினை பிடிக்கும். ஒரே துப்பாக்கி, ஒரே வேட்டைக்காரர், ஒரே காடு. பன்றி தாங்கும், குரங்கு தாங்காது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு காடு 1,000 யானைகளைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய காட்டில் பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரி, பெருக்கம் பூஜ்யம். எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனால் குட்டி ஈனப் பெண்களே இல்லை. இரண்டுக்கும் நடுவில், 500 இருக்கும்போதுதான் ஆண்டுப் பெருக்கம் உச்சத்தைத் தொடும். பாடப்புத்தகச் சூத்திரப்படி வளர்ச்சி வீதத்தைத் தாங்குதிறனால் பெருக்கி நாலால் வகுக்க வேண்டும்: 0.06 × 1,000 ÷ 4 = 15. அதே காட்டில் 1,000 பன்றிக்கு இடமிருந்து, வளர்ச்சி வீதம் 0.8 என்று வைத்தால் விடை 200.

அந்த 15-ஐ அப்படியே அனுமதி எண்ணாக எழுதிவைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது. காட்டு விலங்கை எண்ணும்போது 20 சதவீதம் பிசகுவது சாதாரணம். 500 என்று எண்ணியது உண்மையில் 400 என்றால் அந்த ஆண்டின் பெருக்கம் 14.4. எடுப்பது 15. வித்தியாசம் அற்பம், பல ஆண்டுகளுக்கு யார் கண்ணிலும் படாது. ஆனால் தொகை 300-க்கு இறங்கும்போது பெருக்கம் 12.6, 200-இல் 9.6. எடுப்பது மட்டும் அதே 15. போகப்போகச் சரிவு வேகமெடுக்கும். கண்ணில் படும் நேரத்தில் பாதி தொலைந்திருக்கும். எண்ணுக்குப் பதிலாக 'இருப்பதில் 3 சதவீதம்' என்று வீதமாக வைத்தால் நிலைமை வேறு. 500 இருந்தால் 15, 400 இருந்தால் 12. பெருகுவது 14.4, எடுப்பது 12, ஆகவே தொகை தானாக மேலேறும். இதற்கு விலை உண்டு: ஆண்டுதோறும் திரும்ப எண்ணியாக வேண்டும். செலவு பிடித்த வேலை என்பதால்தான் பழைய எண்ணையே தூசு தட்டிப் போடுகிறார்கள்.

எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாத இடத்துக்கென்றே ஒரு வழிமுறை இருக்கிறது. அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளுக்கு மனிதரால் நேரும் சாவின் வரம்பை 1994 முதல் இப்படித்தான் போடுகிறார்கள்: மதிப்பீட்டின் நடு எண்ணை விட்டுவிட்டு, 'குறைந்தது இத்தனையாவது இருக்கும்' என்ற கீழ் எண்ணை எடுத்துக்கொள்வது; அதை அதிகபட்ச வளர்ச்சி வீதத்தின் பாதியால் பெருக்குவது; அதன்மேல் 0.1-லிருந்து 1 வரையுள்ள ஒரு பாதுகாப்புக் காரணியால் பெருக்குவது. திமிங்கலங்களுக்கு அதிகபட்ச வீதம் 0.04 என்று எடுப்பார்கள். கீழ் எண் 1,000, காரணி 0.5 என்றால் 1,000 × 0.02 × 0.5 = 10. அழிவின் விளிம்பிலுள்ள இனமென்றால் காரணி 0.1, விடை 2. கருமித்தனமாகத் தெரியும். அறியாமைக்கும் சேர்த்து விலை வைக்கும் முறை என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும்.

வெப்பமண்டலக் காடுகளுக்கு 20, 40, 60 என்றொரு கைக்கணக்கு புழங்குகிறது. நீண்ட ஆயுள் கொண்ட விலங்கில் 20 சதவீதம், நடுத்தரத்தில் 40, குறுகிய ஆயுள் கொண்டதில் 60. இதைப் படிப்பவர்கள் பலர் ஒரு இடத்தில் சறுக்குவார்கள்: இந்தச் சதவீதம் மொத்தத் தொகையில் அல்ல, அந்த ஆண்டு கூடும் உருப்படிகளில். 500 குரங்கில் 20 சதவீதம் என்று 100-ஐச் சுட்டுவிட்டு, விதிப்படிதான் நடந்தோம் என்றால் சில ஆண்டுகளில் அங்கே குரங்கு இருக்காது.

வேட்டைக்காரர்கள் எப்போதும் சொல்லும் ஒரு வாதம் உண்டு: 'நாங்கள் சுடாவிட்டாலும் பனிக்காலத்தில் பட்டினியால் சாகத்தானே போகிறது.' இதில் உண்மை இருக்கிறது. காடை, வாத்து, குளிர்நாட்டு மான் போன்றவற்றில் இலையுதிர் காலத்தில் கொஞ்சத்தை எடுத்தால் மிச்சமுள்ளவற்றுக்குத் தீனி கூடுதலாகக் கிடைக்கும், பனிக்காலச் சாவு அந்த அளவுக்குக் குறையும். ஒரு சாவு இன்னொரு சாவுக்கு ஈடாகிவிடுகிறது. ஆனால் இது ஓர் எல்லைவரைதான், அதுவும் பனிக்காலத்துக்கு முன்பு எடுத்தால்தான். பனிக்காலம் கடந்து பிழைத்து, வசந்தத்தில் ஈனப்போகும் பெட்டையைச் சுட்டால் ஈடாக எதுவும் இல்லை. யானை, கரடி, பெரிய குரங்குகளுக்கோ இந்த வாதமே பொருந்தாது. அவற்றில் வளர்ந்தவை இயற்கையாகச் சாவது மிகக் குறைவு. அங்கே ஒவ்வொரு குண்டும் கூடுதல் சாவுதான்.

இனங்களைப் பிரிக்காமல் ஒரே மொத்தமாக அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்டார்டிக் கடலைவிடப் பெரிய பாடம் இல்லை. சர்வதேசத் திமிங்கல ஆணையத்துக்கான ஒப்பந்தம் 1946-இல் கையெழுத்தானது. தொடக்கத்தில் ஆண்டு வரம்பு 16,000 'நீலத் திமிங்கல அலகு'. ஓர் அலகு என்றால் ஒரு நீலத் திமிங்கலம், அல்லது இரண்டு துடுப்புத் திமிங்கலம், அல்லது இரண்டரை கூனல் திமிங்கலம், அல்லது 'சேய்' (sei) எனும் தனி இனத்தில் ஆறு. எண்ணெய் எவ்வளவு வரும் என்று பார்த்துப் போட்ட கணக்கு, உயிரியலுக்கு அதில் இடமே இல்லை. ஒரு குண்டுக்கு ஓர் அலகு முழுதாகக் கிடைப்பது நீலத்தில் மட்டும்தான் என்பதால் கண்ணில் பட்ட நீலத்தை யாரும் விடவில்லை. நீலம் அருகிப் போனபின் கப்பல்களுக்குத் துடுப்புத் திமிங்கலமே படியளந்தது. அதைத் தேடிப் போன வழியில் எதிர்ப்பட்ட மிச்ச நீலங்களும் செத்தன. அந்த அலகு முறையை 1972-இல்தான் கைவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அன்டார்டிக் பகுதியில் கொல்லப்பட்ட நீலத் திமிங்கலங்கள் 3,30,000-க்கும் மேல். 1970-களின் தொடக்கத்தில் மிஞ்சியவை சில நூறு. இதற்கிடையே சோவியத் கப்பல்கள் உலகெங்கும் ஏறக்குறைய 1,80,000 திமிங்கலங்களைக் கணக்கில் காட்டாமலே கொன்றிருந்தன என்பது 1990-களில்தான் வெளிவந்தது. அதுவரை விஞ்ஞானிகள் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு சரியான சூத்திரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனத்தை அடுத்துப் பார்க்க வேண்டியது ஆண், பெண். பல நாடுகளில் ஆணை மட்டும் சுடலாம் என்பதுதான் விதி. ஓர் ஆண் பல பெண்களைச் சினையாக்கும், ஆகவே ஆண் போனால் நட்டமில்லை என்ற நியாயம். ஓரளவு சரிதான். எந்த அளவுவரை சரி என்பதை மத்திய ஆசியப் புல்வெளியின் சைகா மறிமான் காட்டிக்கொடுத்தது. மூக்கு தும்பிக்கைபோலத் தொங்கும் ஆட்டளவு விலங்கு; கிடாவுக்கு மட்டும்தான் கொம்பு. அந்தக் கொம்புக்குச் சீன மருத்துவத்தில் நல்ல விலை. சோவியத் ஒன்றியம் உடைந்து காவலும் பிழைப்பும் ஒருசேரக் குலைந்தபோது, 1990-களின் தொடக்கத்தில் பத்து லட்சத்தை ஒட்டி இருந்த தொகை 2000-களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரம் அளவுக்கு விழுந்தது. விழுந்ததில் பாதிக் கதை கொம்புக்காகச் செத்த கிடாக்கள். மீதிக் கதை பிறக்காத குட்டிகள். 36 பெண்ணுக்கு ஒரு கிடா என்ற நிலைவரைகூடச் சினை பிடிப்பதில் பெரிய குறைவில்லை. 106 பெண்ணுக்கு ஒரு கிடா என்று ஆனபோது சினை சட்டென்று சரிந்தது. இருக்கும் ஒன்றிரண்டு கிடாக்களை மூத்த பெண்கள் வளைத்துக்கொண்டு இளம் பெண்களை விரட்டியடித்தன. முதல் முறை சினையாக வேண்டியவை வெறுமனே நின்றுவிட்டன. கிடா எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தபோது குட்டி எண்ணிக்கை கூடவே மெல்லக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றுமே நடக்காததுபோல இருந்துவிட்டு ஒரே பருவத்தில் விழுந்தது.

சிங்கத்தில் கணக்கு இன்னும் கோணல். கூட்டத்தைக் காக்கும் ஆணைச் சுட்டால் புதிய ஆண் வந்து பழையவனின் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு குண்டு, நாலைந்து சாவு. குட்டிகள் வளர்ந்து பிரிந்துபோகும் வயதுவரை தகப்பனை விட்டுவைத்தால் இந்தக் கூடுதல் சாவு நேராது. ஐந்து, ஆறு வயதைக் கடந்த ஆணை மட்டும் எடுத்தால் தொகை பெரிதாகப் பாதிக்கப்படாது என்று 2004-இல் வந்த ஒரு கணிப்பு காட்டியது. வயதைத் தூரத்திலிருந்து பார்ப்பது எப்படி? மூக்கைப் பார்த்து. இளம் சிங்கத்தின் மூக்குத்தோல் இளஞ்சிவப்பு. வயது ஏற ஏறக் கரும்புள்ளி பரவி, ஐந்து வயதை ஒட்டிப் பாதிக்குமேல் கறுத்துவிடும். அதன்பின் தான்சானியாவில் ஆறு வயது வரம்பு வந்தது. ஆனால் பிடரியின் அளவைப் பார்த்துச் சுடுகிறவர்கள் நாலு வயதுச் சிங்கத்தைப் போட்டுவிட்டு அதை ஆறு என்று எழுதுவதும் உண்டு.

மூத்த விலங்கு போனால் நடத்தையே மாறும். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் பூங்காவிலிருந்து பிலனெஸ்பெர்க் பூங்காவுக்குப் பெரிய யானைகள் இல்லாமல் இளசுகளை மட்டும் கொண்டுபோய் விட்டார்கள். அந்த இளம் ஆண்களுக்கு மதம் வயதுக்கு மீறிச் சீக்கிரமே வந்து நீண்ட நாள் நீடித்தது. 1992-க்கும் 1997-க்கும் இடையே அவை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் வளர்ந்த ஆண் யானை ஆறைக் கொண்டுவந்து விட்டதும் அது நின்றது. மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் நடந்தது மரபணுவரை போனது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைத் தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. தந்தமே முளைக்காத பெண் யானைகள் முன்பு 18.5 சதவீதம், பிழைத்தவற்றில் 50.9 சதவீதம். போருக்குப் பின் பிறந்த பெண்களில் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை. அதற்குக் காரணமான மரபுக்கூறு ஆண் கருவைக் கொல்லும் தன்மையுடையது. ஆகவே அப்படிப்பட்ட தாய்க்கு ஆண் கன்று பாதியாகக் குறைகிறது. துப்பாக்கி மௌனமாகி முப்பது ஆண்டு ஆனபின்பும் கணக்கு தீரவில்லை.

இதுவரை சொன்னது எதைக் கொல்கிறோம் என்று தெரிந்து கொல்லும் வேட்டை. சுருக்குக் கண்ணிக்கு அந்தத் தேர்வே கிடையாது. சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒரு துண்டு, வில்லாக வளைத்த இளமரம், மிதிபடும் இடத்தில் சின்னக் குழி, மேலே குச்சியும் சருகும். மிதித்ததும் கொக்கி விடுபட்டு மரம் நிமிரும், சுருக்கு காலை இறுக்கும். கிளைகளை ஒடித்து முழங்கால் உயர வேலியை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் போட்டு, இடையிடையே விட்ட ஒவ்வொரு சந்திலும் ஒன்று வைப்பார்கள். பன்றிக்கு வைத்ததில் புலியும் மாட்டும், முயலும் மாட்டும். வைத்தவர் நாலு நாள் வராவிட்டால் அழுகிப்போகும். காலை அறுத்துக்கொண்டு ஓடியது எங்கோ போய்ச் சாகும். வியட்நாமில் சாவோலா என்னும் அரிய காட்டு மாட்டினத்துக்கான காப்பகங்கள் இரண்டில் மட்டும் 2011-லிருந்து 2019 வரை 1,20,000-க்கும் மேற்பட்ட கண்ணிகளை எடுத்திருக்கிறார்கள். 1992-இல்தான் அறிவியல் உலகுக்கே தெரியவந்த சாவோலா, 2013-க்குப் பிறகு எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. கண்ணி செய்யச் செலவு மிகக் கொஞ்சம், செய்ய நேரம் நிமிடக்கணக்கு; தேடி எடுக்க ஒரு காவல் குழு நாள் முழுக்க நடக்க வேண்டும். எடுப்பதால் மட்டும் ஜெயிக்க முடியாத பந்தயம் இது. கம்பியோடு காட்டுக்குள் பிடிபடுவதே குற்றம் என்று சட்டம் இருந்தால்தான் கொஞ்சமாவது மட்டுப்படும்.

கணக்கில் வராத சாவு துப்பாக்கியிலும் உண்டு. அடிபட்டுத் தப்பியது அனுமதி எண்ணில் ஏறாது. ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறினால் துகள்கள் குண்டு போன வழியிலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் இறைச்சியில் கிடக்கும். ஊடுகதிர்ப் படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும். காட்டிலேயே விட்டுவரும் குடலையும் எச்சத்தையும் தின்னும் பிணந்தின்னிகளுக்கு அது நஞ்சு. கலிஃபோர்னியா காண்டர் கழுகு 1987-இல் உலகிலேயே 27 என்ற நிலைக்கு வந்ததில் ஈயத்துக்குப் பெரிய பங்கு. அந்த மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முழுதாகத் தடைசெய்தது. செம்புக் குண்டு சிதறாது, இறைச்சியும் வீணாகாது. மாற்றுவதில் உள்ள தடங்கல் பெரும்பாலும் பழக்கம்தான்.

'அருகிப்போனால் தேடும் செலவு கட்டுபடியாகாது, வேட்டை தானே நின்றுவிடும்' என்ற பொருளாதாரச் சமாதானத்தை நம்ப வேண்டாம். அருக அருக விலை ஏறும் பண்டத்துக்கு அது பொருந்தாது. காண்டாமிருகக் கொம்புக்கு அருமையே விலை. விலை ஏறாத விலங்கும் தப்புவதில்லை. பன்றிக்கும் மானுக்கும் போகிறவரின் செலவைப் பன்றியும் மானும் கொடுத்துவிடும். வழியில் எதிர்ப்படும் அரிய குரங்கு இலவசம்.

ஒரு காட்டில் வேட்டை மிஞ்சிவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையைப் பார்த்து முடிவு கட்டுவது ஆபத்து. பல ஆண்டு வேட்டை நடந்த இடத்தின் சந்தையில் கொறிவிலங்குகளும் சிறிய மான்களுமே தொடர்ந்து, குறையாமல் வந்துகொண்டிருக்கும். எல்லாம் நலம் என்று தோன்றும். தாங்காதவை முன்பே போய்விட்டன, தாங்குபவை மட்டும் மிச்சம் என்பதுதான் அதன் பொருள். எண்ணிக்கை குறையாததுபோலக் காட்டும் இன்னொன்று கூட்டமாக வாழும் பழக்கம். வட அமெரிக்கப் பயணப் புறா பல நூறு கோடியிலிருந்து 1914-இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் கடைசிப் பறவையோடு முடிந்தது. மொத்தம் சரிந்தபோதும் மிஞ்சியவை ஒரே இடத்தில் கூடிக் கூடு கட்டின. எங்கே என்று தந்தி சொன்னது, ரயில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேட்டைக்காரருக்கு ஒரு நாள் பிடி குறையவே இல்லை, கடைசிப் பெருங்கூட்டங்களில் ஒன்று 1878-இல் கூடு கட்டிய மிச்சிகனின் பெட்டோஸ்கியில்கூட.

நம்பத்தக்க அடையாளங்கள் வேறு. பிடிபடும் விலங்கின் சராசரி வயது ஆண்டுக்கு ஆண்டு இறங்குவது. ஒரே பிடிக்கு நடக்கும் தூரம் கூடுவது. பகலில் மேய்ந்தது இரவுக்கு மாறுவது. ஆறு கண்டங்களின் 62 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வில் மனிதத் தொந்தரவு உள்ள இடத்தில் இரவு நடமாட்டம் 1.36 மடங்கு. பாதையிலிருந்து உள்ளே போகப் போக விலங்கு கூடுவதும் ஓர் அடையாளம்தான். வெப்பமண்டலத்தில் ஊரும் சாலையும் தொடங்கி பறவைகளுக்கு 7 கிலோமீட்டர்வரையும் பாலூட்டிகளுக்கு 40 கிலோமீட்டர்வரையும் வேட்டையின் தேய்வு தெரிகிறது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். மரம் வெட்டப் போடும் ஒற்றை லாரிப் பாதை எவ்வளவு காட்டைத் திறந்துவிடும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மீட்சி நடக்காமல் இல்லை. வடபகுதி யானைச் சீல் சில பத்து உருப்படிகளிலிருந்து இரண்டு லட்சத்தைக் கடந்தது, மரபணு வேற்றுமை மட்டும் திரும்பவில்லை. சைகா 2015-இல் கொள்ளைநோயில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செத்தபிறகும் கஜகஸ்தானில் 2022-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. கன்று சீக்கிரம் ஈனும், பெரும்பாலும் இரட்டை போடும் விலங்கு. காவல் கிடைத்ததும் எழுந்துவிட்டது. நீலத் திமிங்கலத்திடம் இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

வேட்டைக்கு அனுமதி உள்ள இடத்தில் இதையெல்லாம் கணக்கில் கொண்டுவர ஒரு நோட்டுப் புத்தகம் போதும், ஒழுங்காக எழுதினால். இனம், ஆண் பெண், நாள், எந்தக் கட்டத்தில் என்று வரைபட எண். பெண்ணென்றால் மடியில் பால் இருந்ததா, கருப்பையில் கரு இருந்ததா. மானினத்தில் கீழ்த்தாடையின் முன்பல் ஒன்றைப் பிடுங்கி, நாளும் எண்ணும் எழுதிய காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ஆய்வகத்தில் வேரை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றினால் ஆண்டு வளையங்களை எண்ணலாம். பல் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் வயது மூன்றுக்கு மேல் போனால் நம்பத்தக்கதல்ல. அடிபட்டுத் தப்பியதற்குத் தனிக் கட்டம். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். எல்லோரும் விட்டுவிடுவது வெறுங்கையோடு திரும்பிய நாளை. அதை எழுதாவிட்டால் ஒரு பிடிக்கு எத்தனை மணி என்ற கணக்கு குறைத்துத்தான் காட்டும், காடு காலியாகும்போதும் நோட்டில் பிடி நன்றாகவே இருக்கும்.